உப்பு மாவில் ஆறு பாத்தி: உயிர் உரம் போட்டுப் பார்த்த இரண்டு சம்பா

வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் நடுவில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கத்தில் எங்களுக்கு மூன்று மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். தெற்குக் கடைசியில் இருக்கும் ஒரு மாவுக்கு அப்பா வைத்த பெயர் ‘உப்பு மா’. கேலிக்கு வைத்ததில்லை, கணக்கு நோட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். சித்திரையில் போய்ப் பார்த்தால் மண் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வரப்போரம் உமரியும் உப்பு அருகும் தவிர வேறு எதுவும் பச்சையாக இருக்காது. சம்பா நட்டால் பதினைந்தாவது நாள் இலை நுனி வெளுத்துக் காயத் தொடங்கும். அங்கங்கே வட்டம் வட்டமாகப் பயிர் உட்கார்ந்துவிடும்.

நான் முழுநேர விவசாயி இல்லை. டவுனில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்பது தொழிலில் வந்த பழக்கம். அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி வயல் பொறுப்பு என் கைக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனேன். 2023 சம்பாவிலும் 2024 சம்பாவிலும் அந்த ஒரு மாவில் மண் பாக்டீரியாக்களை வைத்து நான் செய்ததும் கெடுத்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவு. கையடக்க இ.சி. மீட்டர் ஒன்று வாங்கினேன், பேனா மாதிரி இருக்குமே அதுதான். கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்பதை, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து டெசிசீமன்ஸ் என்ற அளவில் சொல்லும். மீட்டர் சொல்வது சரிதானா என்று பார்க்க, ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு 0.745 கிராம் கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தேன். 25 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரைசல் 1.41 டெசிசீமன்ஸ் காட்ட வேண்டும். என் மீட்டர் 1.52 காட்டியது. திருகி சரிசெய்துகொண்டேன்.

மண்ணுக்கு ஒன்றுக்கு ஐந்து முறை. நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்த மண் 20 கிராம், தண்ணீர் 100 மில்லி, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கல், தெளிய விட்டு மேல் நீரில் மீட்டர். தண்ணீருக்கு மொட்டை மாடியில் பிடித்த மழை நீர். கேன் தண்ணீரில் செய்தால் அதில் ஏற்கெனவே இருக்கும் உப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கிடைக்கும் எண் சிறியதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பயிர் தாங்கும் அளவு என்று புத்தகங்களில் போட்டிருப்பது மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவு. எங்கள் களிமண்ணுக்கு என் எண்ணை ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் பக்கத்தில் வரும்.

உப்பு மாவின் வடக்கு ஓரம், வாய்க்கால் பக்கம்: 0.6. நடு: 0.8. தெற்குக் கோடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே 1.5. ஏழால் பெருக்கினால் 4.2, 5.6, 10.5. நெல் 3 வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சலில் 12 சதவீதம் போகும் என்பது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கணக்கு. பள்ளத்தில் அப்பா ஏன் பாதி வருடங்களில் நடவே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு மீட்டர் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

கார அமில நிலை 8.1. இந்த எண் ஏன் முக்கியம் என்றால், உரக்கடையில் போய் வயல் வெள்ளை பூக்கிறது என்றதும் அங்கிருந்தவர் ஜிப்சம் பத்து மூட்டை எழுதிவிட்டார். ஜிப்சம் களருக்கு. களர் என்றால் கார அமில நிலை 8.5-க்கு மேல், மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு இறுகிப்போன நிலை. அதிலுள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரத்தான் ஜிப்சத்தின் கால்சியம். எங்களுடையது உவர். கரையும் உப்பு சும்மா இருக்கிறது, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தால் போகும். ஊரில் இரண்டையும் ‘களர்’ என்றே சொல்கிறார்கள், கடைக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தப் பத்து மூட்டையை வாங்கியிருந்தால் உப்பு வயலுக்கு இன்னும் ஓர் உப்பைச் சுமந்துபோய்க் கொட்டியிருப்பேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்றால் கீழிருந்து. நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடியில் நிற்கிறது, அது உப்பு நீர். கோடையில் மண் காயக் காய, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல மண் அதை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். எங்கள் போர் தண்ணீரை அளந்தால் 3.2, வாய்க்கால் தண்ணீர் 0.5.

2023: எல்லாவற்றையும் தப்பாகச் செய்த வருடம்

பாக்டீரியா விஷயம் காதில் விழுந்தது ஒரு பயிற்சி வகுப்பில். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும், பாஸ்போபாக்டீரியா மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும், சூடோமோனாஸ் நோயைத் தடுக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேரைச் சுற்றி வாழும் சில பாக்டீரியாக்கள் உப்பைத் தாங்கவும் செடிக்குக் கை கொடுக்கும் என்று அங்கே சொன்னார்கள். அது புதிதாக இருந்தது. மறுநாளே கடைக்குப் போய் மூன்றிலும் இரண்டிரண்டு பொட்டலம் வாங்கிவந்து, மாவுக்கு நடுவில் வரப்பு போட்டு கிழக்கு, மேற்கு என்று இரண்டாக்கி, மேற்குப் பாதியில் மட்டும் போட்டேன்.

அறுவடையில் மேற்கும் கிழக்கும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பொட்டலம் கடையின் முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் இருந்தது, பிற்பகல் வெயில் நேராக விழும் இடம். மீதமிருந்த ஒரு பொட்டலத்தைத்தான் நண்பரிடம் கொடுத்தேன். அசோஸ்பைரில்லத்துக்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. தழைச்சத்தே இல்லாத, கூழ் பதத்தில் உள்ள ஊடகத்தில் விட்டால், உயிரோடு இருக்கும் பாக்டீரியா மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெள்ளையாக ஏடு மாதிரி படரும். பச்சையாக இருந்த ஊடகம் நீலமாக மாறும். என் பொட்டலம் போட்ட குழாய் நான்கு நாள் கழித்தும் பச்சையாகவே நின்றது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வகையில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும். நான் வயலில் போட்டது, பாக்டீரியாவைச் சுமக்க வைத்திருந்த வெறும் நிலக்கரித் தூள்.

இரண்டாவது, விதை. நான் சூடோமோனாஸ் கலப்பதற்கு முன்னாலேயே அப்பா வழக்கம்போல விதையில் கார்பன்டசிம் கலந்து வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூஞ்சாண மருந்து போட்டால் 24 மணி நேரமாவது இடைவெளி விட்டுத்தான் உயிர் உரம் கலக்க வேண்டும்.

மூன்றாவது, நாற்றங்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் வராமல் போர் தண்ணீரையே விட்டது. நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கிவிடும், தூர் கட்டும்போதும் தாங்கும். இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் தாங்காது. தாங்காத நேரத்தில் பார்த்து 3.2 தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன்.

நான்காவதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வயல் மாமா வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “ஏன் மாப்ளே, மேக்கால பக்கம் எப்பவுமே ஒரு சாண் மேடு. அங்க வெளைஞ்சா மருந்து வேல செஞ்சுதுன்னுவே, வெளையலன்னா மருந்து சரியில்லன்னுவே. மண்ணு பேசுறத யாரு கேப்பா?” வயலை இரண்டாகப் பிரித்தால் இரண்டு மண்ணைத்தான் ஒப்பிட முடியும், பாக்டீரியாவை இல்லை.

இதற்கு நடுவில் ஒரு டிரம் கதையும் உண்டு. பொட்டலத்துக்குப் பணம் கொடுப்பானேன், நாமே பெருக்கிக்கொள்ளலாம் என்று 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் கரைத்து ஒரு பொட்டலம் சூடோமோனாஸ் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த கள் வாசம். லிட்மஸ் சட்டென்று சிவந்தது. ஈஸ்டும் புளிப்பு பாக்டீரியாவும் வெல்லத்தை முழுசாகச் சாப்பிட்டுவிட்டன. நான் யாரை வளர்க்க நினைத்தேனோ அவர் அங்கே இல்லை. அதைத் தென்னைக்கு ஊற்றினேன், தென்னை ஒன்றும் சொல்லவில்லை.

சாணம், மாட்டுச் சிறுநீர், வெல்லம், ஒரு பிடி மண் எல்லாம் கரைத்து வைக்கும் ஜீவாமிர்தமும் செய்து பார்த்தேன், அந்த ஒரு பிடி மண்ணுக்கு உமரி வேரடி மண்ணையே எடுத்து. உப்பிலேயே வாழ்கிற செடியின் வேரில் உப்பு தாங்கும் பாக்டீரியா இருக்கத்தானே வேண்டும் என்ற யோசனை. யோசனை தப்பில்லை, கீழே சொல்கிறேன். ஆனால் கரைசலில் மீட்டரை விட்டபோது 1.8 காட்டியது. மாட்டுச் சிறுநீரின் உப்பு. நல்ல நிலத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உப்பு மாவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வேரில் என்ன நடக்கிறது

அந்தக் கோடையில் கடையில் வேலை குறைவு. கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன்.

மாங்காயை வைக்கோலுக்குள் மூடி வைத்தால் பழுப்பது எத்திலீன் என்ற வாயுவால். காயே அதை வெளியிடும், மூடி வைப்பதால் அது வெளியேறாமல் தங்கும். அதே எத்திலீனைச் செடி வேரிலும் தயாரிக்கும், கொஞ்சமாக. உப்பு தாக்கும்போது அளவுக்கு மேல் தயாரிக்கும். அப்போது வேர் நீள்வதை நிறுத்திவிடும், இலை சீக்கிரம் முதிர்ந்து உதிரும். உப்பு நேரடியாகச் செய்கிற கேடு பாதி என்றால், பயந்துபோன செடி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பிரேக் இன்னொரு பாதி.

எத்திலீன் நேராக உருவாகாது, அதற்கு முன்னால் ஏ.சி.சி. என்ற ஒரு பொருள் உருவாக வேண்டும். அதில் கொஞ்சம் வேரிலிருந்து வெளியே கசியும். சில பாக்டீரியாக்களிடம் அந்த ஏ.சி.சி.யை உடைக்கும் நொதி இருக்கிறது. உடைத்தால் அவற்றுக்குத் தழைச்சத்து கிடைக்கிறது, தின்கின்றன. வெளியே குறையக் குறைய வேரிலிருந்து இன்னும் கசிகிறது. உள்ளே எத்திலீன் குறைகிறது, பிரேக் தளர்கிறது, வேர் நீள்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிளிக்கும் அவருடைய குழுவினரும் 1998-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். 2004-ல் உப்புத் தண்ணீர் விட்டு வளர்த்த தக்காளி நாற்றில் இதைச் செய்தும் காட்டினார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட பாக்டீரியா வறண்ட உப்பு மண்ணிலிருந்து வந்தது.

இது தவிர, சில பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிக் கோழை மாதிரி ஒரு பசையை விடும். அது சோடியத்தைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். சில, வேர் வளர்க்கும் ஆக்சினைத் தயாரித்துத் தரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் எதுவுமே மண்ணிலிருந்து உப்பை எடுப்பதில்லை. “உப்பைத் தின்னும் பாக்டீரியா” என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வடிகாலைத் தூர்த்துவிடாதீர்கள். உப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வேருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிட்டால் பிழைத்தது.

உமரி வேரடி மண் யோசனை தப்பில்லை என்றேனே, அது இதனால்தான். பிச்சாவரம் சதுப்புக் காட்டில், உப்புத் தண்ணீரில் நின்றே வளரும் ஒரு காட்டு நெல் இருக்கிறது. அதன் வேரிலிருந்து, உப்பைத் தாங்கிக்கொண்டே தழைச்சத்தைப் பிடிக்கவும் மணிச்சத்தைக் கரைக்கவும் தெரிந்த புதிய பாக்டீரியா ஒன்றை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2004-ல் அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் சுவாமிநாதானியா சாலிடோலரன்ஸ். அதேபோல பாகிஸ்தானின் பஞ்சாபில் உவர் நிலத்தில் வளரும் ஒரு புல்லின் வேரிலிருந்து, உப்பை விரும்பும் அசோஸ்பைரில்லம் வகை ஒன்று 1987-ல் பதிவானது. அந்தப் புல்லின் பெயர் ‘கல்லர்’ புல். களர் என்று தமிழில் நினைத்துக்கொண்டே படித்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வகைகள் நம்மூர்க் கடையில் கிடைக்காது. கிடைப்பது வழக்கமான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் சூடோமோனாஸும்தான். சரி, கிடைப்பதை உயிரோடு வாங்கி, ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

2024: ஆறு பாத்தி

கோடை மழையில், மடக்கி உழுது உரமாக்கும் தக்கைப்பூண்டு விதைத்தேன், ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் மாவுக்கு ஏழு கிலோ. உப்பில் தளராமல் வளரும் பயிர் அது. பள்ளத்தில் முழங்கால் உயரம், மற்ற இடத்தில் இடுப்புக்கு மேல். 45-வது நாள், பூ எடுக்கும்போது, பவர் டில்லர் விட்டு மடக்கி உழுதேன். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். உப்பு மண்ணில் மக்கிய இலைதழை குறைவு. வெறும் மண்ணில் பொட்டலத்தைத் தூவுவது, சமையல் சாமான் இல்லாத வீட்டுக்குச் சமையல்காரரை அனுப்புகிற மாதிரி.

மேட்டூர் அணையை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். எங்கள் கடைமடைக்கு வந்து சேர அதற்கு மேலும் நாளானது. வந்த தண்ணீரைப் பாத்தியில் நிறுத்தி, இரண்டு நாள் ஊற விட்டு, வடித்து, மறுபடி நிறுத்தி, மூன்று முறை. அதற்குப் பிறகு அளந்ததில் வடக்கு ஓரம் 0.45, நடு 0.6, பள்ளம் 1.3. பள்ளத்தில் வடிக்க இடமே இல்லை, அதனால்தான் அங்கே குறையவில்லை. இதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். பாக்டீரியா மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

மாமா சொன்னதை மனதில் வைத்து, வடக்கிலிருந்து தெற்காக மாவை ஆறு பாத்தியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் பதினாறு குழி சொச்சம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எதில் போடுவது என்று ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தேன். நடுவில் உயரமான வரப்பு, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை. ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றில் விழக் கூடாது. வரப்பு வெட்டவே இரண்டு ஆள் கூலி போனது. “ஒரு மாவுக்கு இத்தனை வரப்பா, நெல்லு எங்க நடுறது?” என்றார் அப்பா.

பொட்டலத்தை இந்த முறை தயாரிக்கும் இடத்திலேயே போய் வாங்கினேன், தயாரித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஈரத் துணி சுற்றிய பையில் கொண்டுவந்து, நிழலில் மண் பானைக்குள் வைத்தேன். ஒரு சிட்டிகை நண்பருக்கு. மூன்றாம் நாள் குழாய் நீலம், உள்ளே வெள்ளை ஏடு. படம் அனுப்பினார். கடையில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

ரகம் கோ 43. கொஞ்சம் உப்பு தாங்கும், 135 நாள். எட்டு கிலோ விதையை இரண்டாகப் பிரித்தேன். கார்பன்டசிம் டப்பாவை அப்பாவுக்குத் தெரியாமல் பரணில் போட்டேன். செப்டம்பர் 15 இரவு, நான்கு கிலோவுக்குச் சூடோமோனாஸ் 40 கிராம், அதோடு கொஞ்சம் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் கலந்த தண்ணீரில் ஊற வைத்தேன். மற்ற நான்கு கிலோ வெறும் தண்ணீரில். இரண்டு நாற்றங்கால், நடுவில் பத்தடி இடைவெளி. இரண்டுக்கும் வாய்க்கால் தண்ணீர் மட்டும். வாய்க்கால் வறண்ட நான்கு நாளும் மோட்டார் சைக்கிளில் குடம் கட்டித் தூக்கினேன்.

நடவு அக்டோபர் 18, நாற்றுக்கு 33 நாள். இளம் நாற்று உப்பில் நிற்காது என்பதால் வேண்டுமென்றே முதிர விட்டேன். குத்துக்கு மூன்று நான்கு நாற்று, கொஞ்சம் நெருக்கமாக. முதல் நாள் மாலையில், நாணயம் ‘போடு’ என்று சொன்ன மூன்று பாத்திகளிலும் ஊட்டமேற்றிய எருவைத் தூவியிருந்தேன். மக்கிய எரு 30 கிலோவோடு மூன்று பொட்டலத்தையும் கலந்து, கை பிடித்தால் பிடியும் ஈரத்தில், சாக்கு மூடி ஒரு வாரம் நிழலில் வைத்தது. மற்ற மூன்று பாத்திக்கும் அதே எரு 30 கிலோ, அதே சாக்கு, அதே ஒரு வாரம், பொட்டலம் மட்டும் இல்லை. எரு செய்த வேலைக்குப் பாக்டீரியாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாதே. (கொதிக்க வைத்து ஆறவைத்த பொட்டலத்தை இந்தப் பக்கம் போட்டிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும் என்று நண்பர் பிறகு சொன்னார்.)

நாற்றுப் பறித்த அக்காவிடம், இந்தப் பக்கத்து நாற்று முடியை (கட்டை) வாழை நாரால் கட்டுங்கள், அந்தப் பக்கத்தை வைக்கோலால் என்று சொன்னேன். “என்ன தம்பி, நாத்துக்குக் கூடச் சாதி பிரிக்கிறீங்களா?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒரு முடி கூட மாறவில்லை. வாழை நார் முடிகளை மட்டும், பாக்டீரியா கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் வேர் நனைய வைத்துவிட்டு நட்டோம். அக்காதான் முதலில் கவனித்தார்: வாழை நார்ப் பக்கத்து நாற்றைப் பிடுங்கினால் வேரில் மண் விடாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது, கழுவ இரண்டு தட்டு கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கோழைப் பசையாக இருக்கலாம். என்னிடம் அதற்கு மீட்டர் இல்லை.

நட்டு இருபதாம் நாள், ஒவ்வொரு பாத்தியிலும் மூலை விட்டு ஐந்து குத்து தோண்டி, வாளித் தண்ணீரில் வேரை அலசி, ஸ்கேல் வைத்து அளந்தேன். நடு ஜோடியில் போட்ட பாத்தியின் வேர் சராசரி 17 செ.மீ., போடாதது 13. வடக்கு ஜோடியில் 18, 16. பள்ளத்தில் இரண்டும் 9. இலை நுனி கருகல் நடு ஜோடியில் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி சந்தோஷம், பாதி பயம்.

பயந்த மாதிரியே நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் பெய்த மழை வந்தது. மூன்று நாள் என் உயரமான வரப்பெல்லாம் தண்ணீருக்கு அடியில். ஆறு பாத்தியும் ஒரே குளம். இந்தப் பாத்தி பாக்டீரியா அந்தப் பாத்திக்கு நீந்திப் போயிருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. சோதனையாகப் பார்த்தால் அங்கேயே கெட்டது. பயிராகப் பார்த்தால் அந்த மழைதான் காப்பாற்றியது. வடிந்த பிறகு அளந்தால் வடக்கில் 0.3, நடுவில் 0.35. பள்ளத்தில் மட்டும் தண்ணீர் பதினோரு நாள் நின்றது.

ஜனவரி 28 அறுவடை. இயந்திரம் இறங்குவதற்கு முன், பயிர் அறுவடைச் சோதனைக்கு அதிகாரிகள் செய்வதுபோல ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, கையால் அறுத்து, தட்டி, தூற்றி, காயவைத்து நிறுத்தேன். வடக்கு ஜோடி: போடாதது 6.8 கிலோ, போட்டது 7.5. நடு ஜோடி: போடாதது 6.1, போட்டது 7.0. பள்ளத்து ஜோடி: 3.2, 3.3. பள்ளத்தில் இருந்த கருக்காயைப் பார்த்தால் அந்த 3.3-ஐயும் வித்தியாசம் என்று சொல்ல மனம் வராது.

நடு ஜோடிக் கணக்கை ஏக்கருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 145 கிலோ கூடுதல், அறுபது கிலோ மூட்டையில் இரண்டேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல். பொட்டலச் செலவு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். லாபம்தான். ஆனால் ஒரு பருவம், மூன்று ஜோடி, நடுவில் ஒரு வெள்ளம். இதை வைத்து யாருக்கும் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். நடுத்தரமாக உப்பு இருந்த இடத்தில்தான் வித்தியாசம் அதிகம் என்பது மட்டும் என் மனதில் நிற்கிறது. உப்பு குறைந்த இடத்தில் செடிக்கு உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பள்ளத்தில் உதவிக்கு வந்தவரே நிற்க முடியவில்லை. நாளெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் வேருக்கு மூச்சும் இல்லை.

மாமா வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். எண்களை விட்டுவிட்டு, பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டி, “அங்க ஒரு வடிகா இல்லாம நீ என்னத்த போட்டாலும் அவ்வளவுதான்” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பரணிலிருந்து கார்பன்டசிம் டப்பாவை எடுத்து, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு என்று என்னிடம் நீட்டினார். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

இந்தச் சம்பாவுக்கு நான்கு பாத்திக்கு மட்டும் பொட்டலம் சொல்லியிருக்கிறேன். தெற்கு வரப்பை ஒட்டிப் பொது வடிகால் வரை நாற்பது மீட்டர் வெட்ட வேண்டும். நடுவில் மாமாவின் வரப்பு ஒன்று குறுக்கே வருகிறது, வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜேசிபிக்காரர் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.